பின்லாந்திலிருந்து நாம் கற்க வேண்டியது என்ன?

(பால்வாடிப் பிள்ளைகளின் உரிமை குறித்து துடியலூர்க் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஷிப்டு முடிந்து, அடுப்பு வேலையைப் பாதியில் விட்டு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

பள்ளிக்கூடம் போவதற்கு முந்திய ஆறு வருஷ காலத்தில் நம் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்வது? தாய் மட்டுமா, பாட்டியா, காசு வாங்கும் நர்சரிக்காரரா, அல்லது சமுதாயமா? இந்தக் கேள்விக்கு உலகில் நல்ல பதில் சொன்ன நாடுகளில் ஒன்று பின்லாந்து என்று எல்லோரும் சொல்கிறார்கள். அங்கே போய்ப் பார்த்து வர ஒரு பெரிய யாத்திரையே நடக்கிறது.

நம் தமிழ்நாட்டிலிருந்து 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி மாணவர் 50 பேர் பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அதே வருஷம், அப்போது கல்வி மந்திரியாக இருந்தவரும் நம் கோபிசெட்டிபாளையத்துக்காரருமான செங்கோட்டையன் பின்லாந்து போய் வந்தார். 2022 அக்டோபரில் அன்றைய கேரள முதல் மந்திரி தோழர் பினராயி விஜயன் அங்கே சென்று கல்வித் துறையில் ஒத்துழைப்பதைப் பற்றிப் பேசினார். 2023 ஜனவரியில் டில்லி சர்க்கார் தன் ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களைப் பயிற்சிக்காகப் பின்லாந்துக்கு அனுப்ப முயன்றபோது, துணை கவர்னர் கேள்விகள் கேட்டுக் கோப்பை நிறுத்தி வைத்தது பெரிய சண்டையாகவே மூண்டது.

போனவர்களை நாம் குறை கூறவில்லை. நல்லது எங்கே இருந்தாலும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆனால் போய் வந்தவர்கள் எதைப் பார்த்தார்கள்? மர பொம்மையைப் பார்த்தார்கள், வண்ண நாற்காலியைப் பார்த்தார்கள், பனியில் விளையாடும் பிள்ளைகளைப் படம் பிடித்தார்கள். அவற்றுக்குப் பின்னால் நிற்கும் சட்டத்தைப் பார்த்தார்களா? சட்டத்துக்குப் பின்னால் நிற்கும் தொழிலாளியைப் பார்த்தார்களா? அதைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

அங்கே நடப்பது என்ன?

பின்லாந்து சின்ன தேசம். ஜனத்தொகை சுமார் 56 லட்சம். 2011 கணக்கெடுப்பின்படி நம் கோவை, திருப்பூர் ஜில்லாக்கள் இரண்டையும் கூட்டினால் 59 லட்சம். ஆகவே அதை நம் கொங்குச் சீமையின் ஒரு பகுதி அளவு என்றே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே பிள்ளை 7 வயதில்தான் முதல் வகுப்புக்குப் போகிறது. அதற்கு முந்திய ஒரு வருஷம் முன்பள்ளி. அது இலவசம், 2015 முதல் கட்டாயமும் கூட. அதற்கும் முன்னால், தாய் தந்தையின் பிரசவ விடுமுறை முடிந்தது முதல், பகல் முழுவதும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் இடம் வேண்டுமென்று கேட்டால், அந்த ஊர் முனிசிபாலிடி இடம் கொடுத்தே தீர வேண்டும். “இடமில்லை, போய் வா” என்று சொல்லச் சட்டத்தில் வழியில்லை. வருமானத்துக்குத் தக்க கட்டணம். அதற்கும் சட்டம் உச்சவரம்பு கட்டியிருக்கிறது. ஏழைக் குடும்பத்துக்குக் கட்டணமே இல்லை. மில் முதலாளியின் பிள்ளையும் மில் துப்புரவுத் தொழிலாளியின் பிள்ளையும் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரே சோறு தின்னும்படி அந்த ஏற்பாடு இருக்கிறது.

மூன்று வயதுக்கு மேற்பட்ட 7 பிள்ளைகளுக்குப் பயிற்சி பெற்ற ஒரு ஊழியர். மூன்று வயதுக்குக் கீழே என்றால் 4 பிள்ளைகளுக்கு ஒருவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே, பெற்றோரோடு உட்கார்ந்து பேசி ஒரு திட்டம் எழுதவேண்டும் என்பதும் சட்டம். காலையில் விளையாட்டு. குளிரானாலும் தூறலானாலும் அதற்கேற்ற உடுப்பு மாட்டி வெளியே விடுகிறார்கள். மத்தியானம் சூடான சாப்பாடு. பிறகு தூக்கம். பாட்டு, கதை, மண், மரம், தண்ணீர். நான்கு வயசுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்து நாற்பது தரம் எழுதச் சொல்லும் வழக்கம் அங்கே இல்லை.

இப்படி விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் பிற்பாடு மக்காகிப் போனார்களா? 2000-ம் ஆண்டு நடந்த சர்வதேசப் பரீட்சையில் வாசிப்பில் முதலிடம் பெற்றவர்கள் பின்லாந்துப் பிள்ளைகள். பிந்திய வருஷங்களில் அவர்களுடைய மதிப்பெண் குறைந்திருப்பதும் உண்மை. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஏழு வயதில் எழுத்துப் படித்ததால் யாரும் கெட்டுப்போகவில்லை என்பது நிச்சயம்.

இது வானத்திலிருந்து விழுந்ததா?

இல்லை. தோழர்களே, பாலர் பள்ளியின் வரலாறு பஞ்சாலையின் வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

1816-ல் ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையில் ராபர்ட் ஓவன் ஒரு பள்ளியைத் திறந்தார். நடக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லிக் கொடுக்கும் பள்ளி. குழந்தைப் பள்ளிகளைத் தொடங்கிவைத்தவர் ஓவன் என்று எங்கெல்ஸே பாராட்டி எழுதியிருக்கிறார். ஜெர்மனியில் பிரோபெல் 1840-ல் தம் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்ட்டன்’, அதாவது குழந்தைகள் தோட்டம், என்று பெயர் சூட்டினார். பதினோரு வருஷம் கழித்து, 1851-ல், பிரஷ்ய சர்க்கார் அதற்குத் தடை போட்டது. ஏன்? அது சோஷலிஸமும் நாஸ்திகமும் பரப்புகிறதாம்! பிள்ளைகள் வட்டமாகக் கைகோத்து விளையாடினால்கூட ஆளும் வர்க்கத்துக்கு அச்சம்.

அந்தப் பிரோபெலின் வழியைப் பெர்லினில் பயின்று வந்த ஹன்னா ரோத்மன் என்ற பெண்மணி, 1888-ல் ஹெல்சிங்கி நகரில் தொழிலாளர் பிள்ளைகளுக்காகப் பாலர் பள்ளி தொடங்கினார். வசதியானவர்களுக்காக அல்ல, தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட்டால் தெருவில் நிற்கும் பிள்ளைகளுக்காக.

அதே 1888-ம் ஆண்டை நாமும் மறக்க முடியாது. ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் முதல் நூற்பாலையைத் தொடங்கிய ஆண்டு அது. அங்கே பாலர் பள்ளி பிறந்தது. இங்கே பஞ்சாலை பிறந்தது.

நம் ஊரைத் ‘தென்னாட்டு மான்செஸ்டர்’ என்கிறார்கள். பின்லாந்தில் டாம்பரே நகரத்துக்கும் மான்செஸ்டர் என்றுதான் பட்டப்பெயர். 1820-ல் பின்லேஸன் என்பவர் தொடங்கிய ஆலை அங்கே பெரும் பஞ்சாலையாக வளர்ந்தது. பின்லாந்தின் ஆலைகளில் சின்னஞ்சிறு பிள்ளைகள் வேலை செய்தார்கள். மீனா சில்லன்பா என்ற பெண் 12 வயதில் போர்ஸா ஊர்ப் பஞ்சாலைக்கு வேலைக்குப் போனாள். பிறகு வீட்டு வேலைக்காரப் பெண்களைத் திரட்டிச் சங்கம் கண்டாள். 1907-ல் பார்லிமெண்டுக்குள் நுழைந்தாள். 1926-ல் அந்நாட்டின் முதல் பெண் மந்திரியானாள். பஞ்சாலையில் பிள்ளைப் பருவத்தை இழந்த ஒரு பெண்ணின் வர்க்கம்தான் பிற்காலத்தில் பிள்ளைகளுக்குச் சட்டம் கேட்டது.

அந்தப் பாதையில் ரத்தமும் சிந்தியது. 1918 உள்நாட்டு யுத்தத்தில் செம்படைத் தொழிலாளர்கள் தோற்றார்கள். டாம்பரே ஏப்ரலில் வீழ்ந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை முகாம்களில் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். நாமும் 1946-ல் இரண்டு பேரிழப்புகளைக் கண்டோம்: ஜனவரி 8-ல் சின்னியம்பாளையம் தியாகிகள் நால்வர் தூக்கிலேறினார்கள், நவம்பர் 11-ல் ஸ்டேன்ஸ் மில் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மடிந்தார்கள். டாம்பரேக்காரன் கதை நமக்கு அந்நியமல்ல.

1966-ல் பின்லாந்தில் சோஷல் டெமாக்ரட்டுகளும், கம்யூனிஸ்டுகள் அங்கம் வகித்த மக்கள் ஜனநாயக லீக்கும் பங்கேற்ற மந்திரிசபை அமைந்தது. அதே ஆண்டில் பிறந்த ‘சங்கம் 9’ என்ற இயக்கம், வேலைக்குப் போகும் தாய்க்குப் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்று கிளர்ச்சி செய்தது. 1973-ல் குழந்தைகள் பகல் பராமரிப்புச் சட்டம் வந்தது. காப்பகம் நடத்துவது முனிசிபாலிடியின் கடமையாயிற்று. 1990-ல் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், 1996-ல் பள்ளி வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உரிமையாயிற்று. 1888-லிருந்து 1996 வரை நூற்றியெட்டு வருஷம்! ஒரு வாரச் சுற்றுப்பயணத்தில் இது கண்ணுக்குத் தெரியுமா?

நம் நாட்டு நிலை

நம்மிடம் ஒன்றுமே இல்லை என்று சொல்வது தவறு. 1939-ல் இத்தாலிய அம்மையார் மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்; யுத்த காலத்தில் கொடைக்கானலில் தங்கிப் பிள்ளைகளைக் கவனித்துத் தம் கருத்துகளை வளர்த்தார். ‘அங்கன்வாடி’ என்ற முற்றத்துப் பள்ளியை 1940-களில் மகாராஷ்டிரக் கிராமங்களில் தாராபாய் மோடக்கும் அனுதாய் வாக்கும் ஏழைப் பிள்ளைகளுக்காக உருவாக்கினார்கள். 1975 அக்டோபர் 2-ல் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் இன்று நாடெங்கும் சுமார் 14 லட்சம் மையங்களாகப் பரந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கு மேல். 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தபோது பால்வாடிப் பிள்ளைகளும் அதில் சேர்ந்தார்கள். இத்தனை பெரிய ஏற்பாடு உலகில் அபூர்வம். பின்லாந்துக்காரர்கள் இங்கே வந்து பார்க்க வேண்டிய விஷயமும் உண்டு.

ஆனால் ஓட்டை எங்கே? சட்டத்தில்.

அரசியல் சட்டம் எழுதப்பட்டபோது 45-வது ஷரத்து, 14 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பத்து வருஷத்துக்குள் இலவசக் கட்டாயக் கல்வி தர முயல வேண்டும் என்றது. ‘6 வயதிலிருந்து’ என்ற சொல் அதில் இல்லை. 2002-ல் வந்த 86-வது திருத்தம் 6 முதல் 14 வரை அடிப்படை உரிமை என்றது. ஆறு வயதுக்குட்பட்டவர்களை ‘சர்க்கார் முயல வேண்டும்’ என்ற பட்டியலிலேயே நிறுத்திவிட்டது. 2009 கல்வி உரிமைச் சட்டமும், முன்பள்ளிக்கு சர்க்கார் ஏற்பாடு ‘செய்யலாம்’ என்றுதான் சொல்கிறது. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பால்வாடிச் சோறு உரிமை. பால்வாடிப் பாடம் உரிமை அல்ல. வயிற்றுக்குச் சட்டம் உண்டு, மூளைக்கு இல்லை!

சட்டம் இல்லாத இடத்தில் சர்க்காரின் மனம்போல நடக்கும். 2015-16 பட்ஜெட்டில் மோடி சர்க்கார் இந்தத் திட்டத்துக்கான தொகையை முதலில் ஏறக்குறைய பாதியாக வெட்டியது. தமிழ்நாட்டில் 2019-ல் நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. 2022 ஜூனில் அந்த ஆசிரியர்களைத் திரும்ப அழைத்துக்கொள்ளும் முடிவு வந்தது. ஜனங்கள் எதிர்த்த பிறகு வகுப்புகள் தொடரும் என்று அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பு இல்லாமல் போயிருந்தால்? அந்த வகுப்புகளைக் காப்பாற்றச் சட்டத்தில் என்ன இருந்தது?

டீச்சரின் கதை

அங்கே 7 பிள்ளைகளுக்கு ஒரு ஊழியர் என்றோம். இங்கே ஒரு மையத்துக்கு ஒரு டீச்சர், ஒரு ஆயா. ஆயா அடுப்படியில். டீச்சர் எடை போட வேண்டும், கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போக வேண்டும், கணக்கெடுக்க வேண்டும், 2021 முதல் ‘போஷன் டிராக்கர்’ என்று செல்போனில் பதிய வேண்டும், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலையும் தூக்க வேண்டும். மிச்ச நேரத்தில் பாட்டுச் சொல்லிக் கொடுக்க வேண்டும்!

இதற்குச் சம்பளமா? இல்லை, ‘மதிப்பூதியம்’. 2018 அக்டோபரில் மத்திய சர்க்கார் டீச்சருக்கு மாதம் 4,500 ரூபாய், ஆயாவுக்கு 2,250 ரூபாய் என்று நிர்ணயித்தது. அதன்மேல் மாநிலங்கள் சேர்த்துத் தருவது தனி. ‘தன்னார்வத் தொண்டர்’ என்று பெயர் சூட்டி ஓர் ஆயுள் உழைப்பை வாங்குகிறார்கள். 2022 ஏப்ரல் 25-ல் சுப்ரீம் கோர்ட்டு அங்கன்வாடி ஊழியருக்கும் உதவியாளருக்கும் கிராஜுவிட்டி உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு தானாக வரவில்லை. பல வருஷம் வழக்காடியும் தெருவில் இறங்கியும் பெற்ற வெற்றி அது.

பின்லாந்தில் பாலர் பள்ளி ஆசிரியர் பல்கலைக்கழகப் பட்டதாரி. 2018 சட்டப்படி 2030-க்குள் ஊழியர்களில் மூன்றில் இரு பங்கினர் உயர்கல்விப் பட்டம் பெற்றவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்குச் சங்கம் உண்டு. வேலைநிறுத்த உரிமையும் உண்டு. 2022 வசந்தத்தில் முனிசிபல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது பாலர் பள்ளிகளும் மூடப்பட்டன. ஆகவே டில்லியிலிருந்தும் சென்னையிலிருந்தும் போகிறவர்கள், டீச்சர் எப்படிக் கதை சொல்கிறார் என்று மட்டும் பார்த்து வந்தால் போதாது. அவருக்கு மாதம் என்ன சம்பளம், ஓய்வு பெற்றால் என்ன கிடைக்கும் என்றும் கேட்டு வர வேண்டும்.

மில்லில் தொட்டில் எங்கே?

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 48-வது பிரிவு, முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. 2025 நவம்பர் 21-ல் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலாக்கிய மத்திய சர்க்கார், 50 ஊழியர் உள்ள நிறுவனத்தில் காப்பக வசதி என்று மாற்றியிருக்கிறது. எண்ணிக்கையில் ஆண் பெண் இருவரையும் சேர்த்தது நல்லதே. ஆனால் 49 பேரோடு கணக்கை முடித்து, மிச்சப் பேரைக் காண்டிராக்ட் பெயரில் எழுதும் வித்தை நம் முதலாளிகளுக்குத் தெரியாதா?

காப்பகச் செலவிலிருந்து தப்ப அவர்கள் கண்ட இன்னொரு வழி உங்களுக்கே தெரியும். ‘சுமங்கலித் திட்டம்’ என்ற மங்கலமான பெயரில் கல்யாணமாகாத பெண்களை வெளியூர்களிலிருந்து கொண்டுவந்து விடுதியில் அடைத்து வேலை வாங்கினார்கள். தாயே இல்லாத ஆலையில் தொட்டில் எதற்கு? பெண் தாயாகும் வயதில் அவளை வெளியே அனுப்பிவிடுவதுதான் அந்தத் திட்டத்தின் சூட்சுமம்.

இன்று பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து குடும்பத்தோடு வரும் தொழிலாளர்கள் நம் ஆலைகளிலும் பவுண்டரிகளிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கிறார்கள். தடாகம் பள்ளத்தாக்கில் 2021-ல் மூடப்படும் வரை ஓடிய செங்கல் சூளைகளிலும், பச்சை மண்ணருகே பிள்ளையை விட்டுவிட்டுத் தாய் கல் அறுத்தாள். அந்தப் பிள்ளையும் நம் பிள்ளைதான். “அவங்க ஊர்ப் பிள்ளைங்க” என்று ஒதுக்கினால் நாம் தொழிற்சங்கக்காரர்கள் அல்ல.

நம்மையே கேட்டுக்கொள்வோம்

ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டும். நம் தோழர்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள், பேரப் பிள்ளைகள் பால்வாடியில் இருக்கிறார்கள்? மேடையில் பால்வாடியைக் காப்போம் என்கிறோம். காலையில் டை கட்டிய பிள்ளையை நர்சரி வேனில் ஏற்றுகிறோம். “ஏனுங்க டீச்சர், பிள்ளை இன்னும் ஏ, பி, சி எழுதலியே?” என்று நாமே கேட்கிறோம். விளையாடுவது படிப்பல்ல என்ற எண்ணம் நம் தலைக்குள்ளும் இருக்கிறது. அந்த எண்ணத்தைக் காசாக்கத்தான் பெருநகரங்களில் ‘பின்லாந்து முறை’ என்று போர்டு மாட்டி வியாபாரம் நடக்கிறது. பின்லாந்தில் ஏழைக்கும் உரிமையாக உள்ளது, இங்கே பணக்காரனுக்குச் சரக்காக விற்கப்படுகிறது!

பின்லாந்தைச் சொர்க்கமென்றும் நாம் சொல்லவில்லை. அது முதலாளித்துவ நாடுதான். 2016-ல் வலதுசாரி சர்க்கார், பெற்றோரில் ஒருவர் வேலையில்லாமல் வீட்டில் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு வாரம் 20 மணி நேரம் மட்டுமே இடம் என்று சுருக்கியது. 7 பிள்ளைகளுக்கு ஒருவர் என்பதை 8 ஆக்கியது. வேலை இழந்தவனின் பிள்ளைக்குத் தண்டனை! அடுத்து வந்த ஆட்சியில் இடதுசாரிக் கூட்டணியின் லீ ஆண்டர்சன் கல்வி மந்திரியாக இருந்தபோது, 2020 ஆகஸ்டில் இரண்டும் மீட்கப்பட்டன. பெற்ற உரிமையைக் காவல் காக்காவிட்டால் பறிபோகும். இதுவும் அங்கிருந்து கற்கும் பாடமே.

“அது பணக்கார தேசம், நம்மால் முடியுமா?” என்று சிலர் கேட்பார்கள். 1866-68 பஞ்சத்தில் பின்லாந்து ஜனங்களில் நூற்றுக்கு எட்டுப் பேர் மாண்டார்கள். நம் தாது வருஷப் பஞ்சத்துக்குப் பத்து வருஷம் முந்தி. 1943-ல் யுத்தத்தின் நடுவே, கையில் காசில்லாத காலத்தில், எல்லாப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு என்று சட்டம் செய்தார்கள். நாமும் 1956-ல் ஏழைத் தமிழ்நாட்டில்தான் மதிய உணவு கண்டோம். பணம் வந்த பிறகு சோறு போடவில்லை. சோறு போட்டதால் படித்த தலைமுறை வந்தது.

நம் கோரிக்கைகள்

ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பராமரிப்பும் கல்வியும் சட்டப்படியான உரிமையாக வேண்டும்.

அங்கன்வாடி டீச்சரும் ஆயாவும் சர்க்கார் ஊழியராக வேண்டும். சம்பளம், பென்ஷன், கிராஜுவிட்டி வேண்டும்.

ஒவ்வொரு மையத்துக்கும் இரண்டாவது டீச்சர் வேண்டும். பிள்ளைகளுக்குச் சம்பந்தமில்லாத வேலைகளை அவர்கள் தலையில் சுமத்தக் கூடாது.

ஆலைத் தொழிலாளர் வாழும் பகுதிகளில் பால்வாடி ஷிப்டு முடியும் வரை திறந்திருக்க வேண்டும். சிறு ஆலைகள் சேர்ந்து பொதுக் காப்பகம் நடத்தக் கட்டாயப்படுத்த வேண்டும். வெளி மாநிலத் தொழிலாளியின் பிள்ளைக்கும் அங்கே இடம் வேண்டும்.

2011-ல் துடியலூர் கோவை மாநகராட்சியோடு சேர்ந்தது. வரி கட்டுகிறோம். பின்லாந்தில் முனிசிபாலிடியின் கடமையாக இருப்பதை, நம் வார்டில் மாநகராட்சியிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. நாளை காலையிலேயே தொடங்கலாம். உங்கள் தெருப் பால்வாடிக்குப் போங்கள். கூரை ஒழுகுகிறதா, தண்ணீர் வருகிறதா, கக்கூஸ் இருக்கிறதா, எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பேர் என்று எழுதி வாருங்கள். மாதர் சங்கமும் தொழிற்சங்கமும் அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு வார்டு ஆபீஸ் வாசலில் நிற்கும். டீச்சர்கள் போராட்டத்துக்குப் போகும் நாளில் “பிள்ளையை யார் பார்ப்பது?” என்று முணுமுணுக்காமல், பிள்ளையோடு நாமும் அவர்கள் பக்கத்தில் போய் நிற்போம்.

பின்லாந்துத் தொழிலாளி நூற்றியெட்டு வருஷம் நடந்தான். அவன் போட்ட பாதை நமக்குத் தெரிந்திருக்கிறது. நமக்கு அவ்வளவு காலம் தேவைப்படாது.

பால்வாடிப் பிள்ளைகளின் உரிமை வெல்க!
அங்கன்வாடி ஊழியர் ஒற்றுமை ஓங்குக!